பெரியவர் வந்துபோகும் தோட்டம் விற்பனைக்கு

1957ஆம் வருஷம் ஆவணி மாதம் கோயம்புத்தூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. 'தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலைச் சரிவில், ரிசர்வ் காட்டை ஒட்டி இருபத்திரண்டு ஏக்கர் தோட்டம் விற்பனைக்கு. குடியிருக்க ஓட்டுச் சாளை உண்டு. வற்றாத ஊற்று. அமைதியான சூழல். அக்கம்பக்கத் தொந்தரவு அறவே கிடையாது. நேரில் பார்வையிட விரும்புவோர் தோட்டத்து ஆளைக் காணவும்.'

அந்தத் தோட்டத்து ஆள்தான் அங்கப்பன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அச்சில் ஏறினான். அப்போதும் பெயர் ஏறவில்லை. விளம்பரம் வந்த சேதி அவனுக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும். உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கக் கீழே போனபோது மளிகைக்கடைக்காரர் படித்துக் காட்டினார். அங்கப்பன் முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்ல எடமாட்ட இருக்குதுங்களே, எங்கீங்க அது?" என்றான். அது தான் பத்து வருஷமாகக் குடியிருக்கும் இடம் என்று தெரிந்ததும் உப்பை மறந்துவிட்டு மலை ஏறினான்.

தோட்டத்துக்குச் சொந்தக்காரர் சென்னகேசவன். டவுனில் மாடி வீடு, மாடியில் ரேடியோ, முழங்காலில் வாயு. அப்பா வைத்துவிட்டுப் போன சொத்து என்பதால் வருஷத்துக்கு இரண்டு தடவை மலையேறி வந்து, 'நல்லாத்தான் இருக்குது' என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு இறங்கிப் போவார். முழங்கால் மறுத்துவிட்ட வருஷம் விற்றுவிடுவது என்று முடிவெடுத்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏறிப் போக முடியாத சொத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க எத்தனை பேருக்குப் பொறுமை வரும்?

ஆனால் விளம்பரத்தில் சொன்ன அந்த அமைதி உண்மையில் யாருக்கு வேண்டியிருந்தது என்றால், அங்கப்பனுக்கும் அவன் சம்சாரம் மாசாணியம்மாளுக்கும்தான். அவர்கள் பிறந்த ஊரில், கிணற்றில் யார் குடம் முதலில் இறங்கலாம், யார் குடம் பிறகு, யார் குடம் இறங்கவே கூடாது என்பதற்கெல்லாம் அருமையான ஒழுங்கு இருந்தது. அதெல்லாம் கூடாதென்று சட்டம் வந்துவிட்டதாகக் கேள்வி. சட்டத்துக்கு அந்த ஊர் வரைக்கும் பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது. மலைமேல் ஊற்றுக்கு இந்த ஒழுங்கு ஒன்றும் தெரியாது. குடத்தை வைத்தால் நிரப்பும். காலையில் மாசாணி, மத்தியானம் மான், சாயங்காலம் பெரியவர். பத்து வருஷத்தில் 'அக்கட்டால தள்ளி நில்லு' என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. அந்தப் பத்து வருஷமும் இப்போது, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கும் பெண்ணைப்போல, வருகிறவர் போகிறவர் கண்ணுக்கு முன்னால் நின்றது. புது முதலாளி புது ஆளைக் கொண்டுவந்தால், மறுநாளே மாசாணியின் குடம் பழைய கிணற்றடிக்குப் போய் ஓரமாகக் காத்து நிற்க வேண்டியதுதான்.

பெரியவர் யார் என்று சொல்லிவிட வேண்டும். தனியாகத் திரியும் ஓர் ஆண் யானை. அந்த வார்த்தையைக் காகிதத்தில் எழுதுவதில் தப்பில்லை. அந்தத் தோட்டத்து மண்ணில் நின்றுகொண்டு வாயால் சொல்லத்தான் கூடாது. சொன்னால் அவருக்குக் கேட்கும். கேட்டால், கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். இது மூட நம்பிக்கை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1951இல் கம்பி வேலி போட வந்த ஒருவர் அந்த வார்த்தையை ஒரே நாளில் மூன்று தடவை உச்சரித்தார். சாயங்காலத்துக்குள் வேலி, வேலிக்கால், அவருடைய சோற்றுச் சட்டி மூன்றும் ஒரே உயரத்துக்கு வந்திருந்தன. அதற்குப் பிறகு அங்கே பெரியவர் என்ற சொல்தான். சும்மா அல்ல, முழு மரியாதையோடு. 'பெரியவர் வந்தாருங்க, சாப்புட்டாருங்க, போனாருங்க.' அந்தச் சீமையில் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியத்தை முடித்தால், கேட்பவர் பேச்சு இன்னும் முடியவில்லை என்று காத்துக்கொண்டிருப்பார். அங்கப்பன் உழும் எருதிடம்கூட, சற்று நகரச் சொல்ல, "சித்தெ ஒத்துங்க" என்றுதான் சொல்லுவான்.

விளம்பரத்தைப் பார்த்து முதலில் வந்தவர் சோமனூர்த் தறிக்காரர். கால் மணி நேரம் தோட்டத்தில் நின்றார். தறிச் சத்தம் இல்லாத இடத்தில் நின்று பழக்கமில்லாததால் காது அடைத்துவிட்டது என்று பயந்து, இரண்டு காதிலும் விரலை விட்டுக் குடைந்துகொண்டே இறங்கிப் போய்விட்டார். அடுத்தவர் வெள்ளகோவில்காரர். மேய்ச்சல் காட்டு மனிதர்; மழைக்கு ஏங்கியே வளர்ந்தவர். ஈரத்தைக் கண்டதும் ஆனந்தப்பட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது இரண்டு காலிலும் அட்டைகள் ஒரு திருவிழாவே நடத்திக்கொண்டிருந்தன. இருவரையும் விரட்ட அங்கப்பன் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. தோட்டமே பார்த்துக்கொண்டது.

மூன்றாவதாக வந்தவர்தான் வினை. பெயர் பாலகோபால். பீளமேட்டில் பம்ப்செட்டுக்கு உருப்படி வார்க்கும் பவுண்டரி வைத்திருந்தார். ஆஸ்டின் காரை இரண்டு மைல் கீழே டிரைவர் அப்துல் வஹீதிடம் விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை நனைய நடந்து வந்தார். அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. பணம் வந்துவிட்டது; மரியாதை இன்னும் வந்து சேரவில்லை. அவர் போகும் கிளப்பில் பெரிய மில்காரர்கள் எல்லோரும் மலை பங்களாவைப் பற்றியே பேசுவார்கள். பாலகோபால் நின்றுகொண்டே கேட்பார். உட்காரச் சொல்லி ஒருவரும் நாற்காலியை நகர்த்தியதில்லை.

வந்தவர் ஊற்றைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், இடுப்பில் கை வைத்தார். "பிரமாதமப்பா! இந்தச் சாளைய இடிச்சுட்டு பங்களா. ஊத்தைச் சுத்தித் தொட்டி கட்டிப் பூட்டுப் போட்டறலாம். என் மச்சினன் ஊர்லருந்து ஆறு குடும்பத்தைக் கொண்டாந்து எறக்கிப்போடறேன்."

"அப்ப நாங்கங்க?"

"நீங்க கீழ ஊருக்கே போயிருங்களேன். நாலு மனுசங்களோட இருந்தாப்பல இருக்கும்."

சாளைக்குள் மாசாணி அடுப்பில் ஏதோ பாத்திரத்தை 'டங்' என்று வைத்தாள். அது தனக்கு வந்த உத்தரவு என்று அங்கப்பனுக்குப் புரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தோட்டத்தின் குறைகளைப் பணிவோடு எடுத்து வைக்கத் தொடங்கினான்.

"தடமே கெடையாதுங்க மொதலாளி."

"நல்லதாப் போச்சு. கண்டவனும் வரமாட்டான்."

"மழ புடிச்சா ஒரு மாசத்துக்குக் கீழ எறங்க முடியாதுங்க."

"ஒரு மாசமா!" பாலகோபாலின் முகம் மலர்ந்தது. "அப்ப எங்க ஊட்டு ஒறம்பரை, சொந்தபந்தம் ஒண்ணும் மேல ஏற முடியாது, அப்பிடித்தான?"

அங்கப்பன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். குரலைத் தாழ்த்தி, காட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு சொன்னான்: "பெரியவர் வருவாருங்க."

"எந்தப் பெரியவர்?"

"மேல்காட்டுப் பெரியவருங்க. நமக்குப் பக்கத்துலதானுங்க இருக்கறாரு."

"அவருக்கு எவ்வளவு நெலம்?"

அங்கப்பன் யோசித்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அளந்தவங்க ஆருமில்லீங்க. இந்த மல பூராவும் தன்னுதுன்னுதானுங்க நடக்கறாரு. அக்கட்ட மலையாளம் வரைக்கும் போயிட்டு வருவாருங்க."

பாலகோபாலின் புருவம் ஏறியது. "ரெண்டு ராஜ்ஜியத்துலயுமா? ஆள் எப்பிடி?"

"மரியாதையா இருந்தா ஒண்ணுஞ் சொல்ல மாட்டாருங்க. சத்தம் போட்டாத்தான் ஆகாதுங்க. போன வருசம் மூங்கில் காண்ட்ராக்டர் ஒருத்தர் அடிவாரத்துக்கு லாரியில வந்து ஹாரன் அடிச்சுப்போட்டாருங்க. இவரு லாரியப் பள்ளத்துல தள்ளிப்போட்டாருங்க."

"அவரேவா?"

"அவரேதானுங்க."

இங்கேதான் தமிழ் இலக்கணம் சதி செய்தது. பெரிய மனிதர் ஒருவர் கோயில் கட்டினார் என்றால் அவர் செங்கல் சுமந்தார் என்று யாரும் நினைப்பதில்லை. கிணறு வெட்டினார் என்றால் மண்வெட்டி பிடித்தார் என்றும் நினைப்பதில்லை. லாரியைத் தள்ளினார் என்றதும், பாலகோபால் மனதில் நாற்பது ஆட்கள் வரிசையாக நின்று தள்ள, பின்னால் ஒரு கிழவர் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"போலீசு கீலீசு வரலியா?"

"ரேஞ்சரே அவரக் கண்டா ஜீப்ப உட்டு எறங்கிருவாருங்க."

அதுவும் உண்மைதான். இறங்கி எந்தத் திசையில் ஓடினார் என்பதை யாரும் கேட்கவில்லை.

"நம்ம தோட்டத்துக்கு வருவாரா?"

"வாரத்துக்கு ரெண்டு மொறை தப்பாதுங்க. தென்னங்குருத்து, வாழையின்னா உசுருங்க. கேட்டுட்டெல்லாம் சாப்பட மாட்டாருங்க. அவரா எடுத்துக்குவாருங்க. ஆரும் தடுக்க முடியாதுங்க."

பாலகோபாலின் கண்கள் விரிந்தன. நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அங்கப்பன் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டு, மனதுக்குள் மாரியம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டான். பாலகோபால் மலையை ஒரு தடவை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

நாலாம் நாள் அப்துல் வஹீது மூச்சு வாங்க ஏறி வந்தார். "தோட்டம் முடிஞ்சிருச்சுப்பா! எங்க மொதலாளி பேரமே பேசல. முன்பணம் குடுத்தாச்சு."

அங்கப்பன் அப்படியே பாறையில் உட்கார்ந்தான். வஹீது நடந்ததை நடித்தே காட்டினார். சென்னகேசவனிடம் போன பாலகோபால், 'பெரியவரப் பத்தி உங்க ஆளு எல்லாஞ் சொல்லிட்டான்' என்றாராம். சென்னகேசவன் தூக்கிவாரிப்போட்டு எழுந்து, 'சொல்லிட்டானா? தெரிஞ்சுமா வாங்கறீங்க?' என்று கேட்டாராம். 'அவரு பக்கத்துல இருக்கறாருங்கறதுக்காகத்தானுங்க வாங்கறதே' என்று இவர் சொல்ல, சென்னகேசவன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இப்பேர்ப்பட்ட வீரனை இதுவரை கண்டதில்லை என்று காப்பி வரவழைத்துக் கொடுத்தாராம்.

"கிளப்புல போயி ஒரே பேச்சு. ரெண்டு ராஜ்ஜியத்துக்கும் சொந்தக்காரரு, ரேஞ்சரே எறங்கி நிப்பாரு, அவரு எனக்குப் பக்கத்துத் தோட்டம்னு. அன்னிக்குத்தாம்ப்பா அவருக்கு நாற்காலி போட்டாங்க. வர்ற வெள்ளிக்கெழம பெரியவரப் பாத்து மரியாத பண்ண வாராரு." வஹீது குரலைத் தாழ்த்தினார். "ஆமா, ஆரப்பா அவரு? நானும் இந்தப் பக்கம் இருவது வருசமா வண்டி ஓட்டறேன், கேள்விப்பட்டதில்லியே."

அங்கப்பன் காட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். வஹீது இறங்கிப் போன பிறகு மாசாணி ஆரம்பித்தாள். கோபம் வந்தால் அவள் பேச்சில் முதலில் காணாமல் போவது 'ங்க'தான்.

"ஏ மாமா, நீ வெரட்டுன லச்சணம் இதானா? பொண்ணு குடுக்கற எடத்தப் பத்திச் சொல்றாப்பல வருவாரு, சாப்புடுவாருன்னு சொன்னா எவன் பயப்படுவான்? ரெண்டு 'ங்க'வக் கொறச்சுச் சொல்லியிருந்தா என்ன, நாக்கு தேஞ்சா போயிரும்?"

"அவரு காதுல உழுந்தா?"

"உழுந்தா அவரே வந்து சொல்லியிருப்பாரு. உன்னய உட அவரு தெளிவாச் சொல்லுவாரு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலகோபால் வந்தார். பட்டு வேட்டி. கையில் வெள்ளித் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், ஒரு பெரிய சீப்பு பூவன் பழம், மேலே மடித்து வைத்த சரிகைப் பொன்னாடை. காலடியில் பெரியவர் போட்டுவிட்டுப் போன சாணத்தில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை, அங்கப்பன் கவனித்தான்.

"ஏப்பா, பெரியவருக்குத் தெலுங்கு வருமா? எங்க ஊட்டுப் பேச்சு அதான், வந்தா இன்னும் சவுரியமாப் பேசலாம்."

அந்தக் கேள்வியில்தான் அங்கப்பனுக்கு எல்லாம் விளங்கியது: பெரியவரை இவர் ஏதோ ஜமீன்தார் என்றே நினைத்திருக்கிறார். சும்மா இருந்துவிட்டால் அரை மணி நேரத்தில் தோட்டம் வாங்க ஆள் இருக்கமாட்டார். நினைக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பட்டு வேட்டியும் தட்டுமாக, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்க வந்த பையன்போல நிற்கும் மனிதரைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான். சிக்கல் என்னவென்றால், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாது. அதுவும் சாணம் ஆறாத இடத்தில் சொல்லவே கூடாது.

"மொதலாளி, அவரு நம்மாட்ட இல்லீங்க."

"தெரியும்ப்பா. பெரிய எடம்."

"அவருக்கு நாலு காலுங்க."

"நாலு காரா!" பாலகோபால் அசந்துபோனார். "எங்க மில்காரங்களுக்கே ரெண்டுதான்."

"காரில்லீங்க, காலுங்க. முன்னால ரெண்டு கொம்புங்க."

"கொம்பு ஊதறதுக்கு முன்னால ரெண்டு பேரா? ஜமீன் வழக்கம் இன்னும் உடல போல."

அங்கப்பனுக்கு அழுகை வந்தது. "கை ஒண்ணுதானுங்க. நீளமான கையிங்க."

"அதான் சொன்னியே, மலையாளம் வரைக்கும் நீளும்னு. மெட்ராஸ் வரைக்கும் எட்டுமா? எனக்குக் கரண்டு கனெக்ஷன் ஒண்ணு நிக்குது."

மூங்கில் முறிந்தது. ஊற்றுக்கு மேலே இருந்த புதர் இரண்டாகப் பிரிந்து, பெரியவர் கார் இல்லாமல், கொம்பு ஊதுவோர் இல்லாமல், எளிமையாகத் தனியாக வந்தார்.

பாலகோபால் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை; அது அவருடைய நல்ல காலம். "அசையாதீங்க மொதலாளி," என்றான் அங்கப்பன், உதடு பிரியாமல். "தட்டக் கீழ வெய்யுங்க. ஒரு கும்புடு போடுங்க. திரும்பாம பின்னாலயே வாங்க." பாலகோபால் சொன்னபடி எல்லாம் செய்தார். உள்ளபடியே மரியாதை செய்யத்தானே வந்திருந்தார், வரிசைகூட மாறவில்லை.

பெரியவர் அருகில் வந்து தட்டை ஆராய்ந்தார். சீப்பு ஒரே வாயில் போனது. வெற்றிலையையும் தள்ளவில்லை. எலுமிச்சம்பழத்தை மட்டும் கடித்துத் துப்பினார். பிறகு பொன்னாடையை எடுத்துப் பிரித்து, இரண்டு தடவை உதறி, முதுகின்மேல் வீசிப் போட்டுக்கொண்டார். அது சரியாகத் தோளில் விழுந்தது. ஊற்றில் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டு, சரிகை வெயிலில் மின்ன, கூட்டம் முடிந்து கிளம்பும் தலைவரைப்போல யாரையும் திரும்பிப் பாராமல் காட்டுக்குள் போனார்.

பாலகோபால் சாளையின் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மாசாணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். யார் சொம்பு என்று கேட்கிற நிலையில் அவர் இல்லை. மூன்று சொம்பு குடித்தார்.

"ஏண்டா, மொதல்லயே சொல்லப்படாதா?"

"மொதல்லருந்து அதத்தானுங்க சொல்லிட்டு இருக்கறேன்."

பாலகோபால் அங்கப்பன் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒன்றுகூடப் பொய்யில்லை. வாங்க மாட்டேன் என்றால் ஏன் என்று கிளப்பில் கேட்பார்கள். காரணம் சொன்னால் நாற்காலி போய்விடும். நாற்காலி போனாலும் பரவாயில்லை, அவர்கள் சிரிக்கிற சிரிப்பு ஆயுசுக்கும் போகாது.

"பெரியவர நான் பாத்தேன். மரியாத பண்ணினேன். வாங்கிக்கிட்டாரு," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். "இதுல பொய் இருக்குதா?"

"இல்லீங்க. பொன்னாடகூடப் போட்டுக்கிட்டாருங்க."

"போட்டுக்கிட்டாரில்ல?" பாலகோபாலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "என் மச்சினன் ஆளுக ஒருத்தனும் இங்க ஒரு ராத்திரி தங்கமாட்டான். அங்கப்பா, நீதான் இருக்கோணும். அவருகிட்ட நடந்துக்கற மொற உனக்குத்தான் தெரியும்."

அங்கப்பன் தலையைச் சொறிந்தான். அவன் கேட்க நினைத்ததை மாசாணி கதவுக்கு உள்ளிருந்து கேட்டாள். "ஏனுங்க மொதலாளி, அந்த ஆறு குடும்பமுங்க?"

"ஒருத்தரும் வேண்டாம்."

"சாளைங்க?"

"நிக்கட்டும் அம்மணி."

"ஊத்துக்குப் பூட்டுப் போடறமின்னீங்க?"

"அய்யய்யோ, அப்புறம் அவரு எங்க குடிப்பாரு!"

"வாயில சொன்னா மழயில கரஞ்சு போயிருமுங்க. எழுதிக் குடுங்க."

அங்கப்பன் இறங்கிப் போய்க் கீழேயிருந்து வஹீதைக் கூட்டிவந்தான். சாளையும் ஊற்றும் அங்கப்பன் குடும்பம் இருக்கும்வரை அவர்கள் வசம், வேறு ஆளை அங்கே குடியேற்றுவதில்லை என்று அவர் எழுத, பாலகோபால் கையெழுத்துப் போட்டார். காட்டைப் பார்த்துக்கொண்டே போட்டதில் அது காகிதத்தின் குறுக்கே ஏறி இறங்கியிருந்தது. செல்லும் என்று வஹீது உறுதி சொன்னார். தோட்டத்தின் கிரயப் பத்திரம் அந்த மாதமே முடிந்தது.

பாலகோபால் அதற்குப் பிறகு மலை ஏறவில்லை. ஆனால் பெரியவரின் கீர்த்தி கீழே நன்றாக வளர்ந்தது. 'பெரியவர் சௌக்கியமா?' என்று மில்காரர்களே விசாரிப்பார்கள். 'போன வாரம் நம்ம தோட்டத்துலதான் சாப்பாடு' என்பார் பாலகோபால். கல்யாணப் பத்திரிகைகள், 'மேல்காட்டுப் பெரியவர் அவர்கள், சமூகம்' என்று மஞ்சள் தடவி வந்து சேர்ந்தன. 1962 தேர்தலில் ஒரு வேட்பாளர் அடிவாரம் வரைக்கும் மாலையோடு வந்து, பெரியவர் யார் பக்கம் என்று கேட்டனுப்பினார். அங்கப்பன் சொல்லியனுப்பிய பதில்: "ஆரு சத்தம் போடாம இருக்கறாங்களோ அவிங்க பக்கமுங்க." வேட்பாளர் அந்தத் தொகுதியில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டதாகச் சொல்லுவார்கள்.

இதெல்லாம் பின்னால். கையெழுத்து ஆன மறுநாள் காலையில் மாசாணி கீழே போய், ஈரச் சாக்கில் சுற்றி ஒரு பலாக்கன்றை வாங்கி வந்தாள். அதுவரை கீரை, மிளகாய், அவரை தவிர, ஒரு போகத்துக்கு மேல் நிற்கும் எதையும் அவள் அந்த மண்ணில் வைத்ததில்லை. சாளைக்கும் ஊற்றுக்கும் நடுவில் குழி எடுத்தாள்.

"புள்ள, இது காய்க்க எட்டு வருசமாகும்," என்றான் அங்கப்பன்.

"ஆகட்டும்."

"காய்ச்சா மட்டும்? பெரியவரு வாசம் புடிச்சு வந்து நிப்பாரு."

"அவரு பங்கு அவருக்கு, நம்ம பங்கு நமக்கு. நின்னு பேசாதீங்க மாமா. அந்தப் பக்கத்து மண்ண மிதிங்க, கன்னு நேரா நிக்கட்டும்."